துவாயின்மேல் கவிழ்ந்த மைக்

அப்புத்துரை சொன்னது பெரிய கதை ஒன்றுமில்லை. கோயில் பொங்கல் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆண்டியப்பனிடம் வந்து நின்று, வெற்றிலையை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

“ராஜன், உன்ர பெட்டி பாடுதோ ஏசுதோ எண்டு விளங்கேல்லையடா. எங்கட பெட்டையின்ர சாமத்திய வீட்டில இதைக் கொண்டுவந்து போட்டியெண்டா வந்த சனம் சோறும் தின்னாமல் ஓடியிடும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆண்டியப்பனும் சிரித்தான். மாங்குளத்துக்கு வந்த புதிதிலேயே அவன் பழகிக்கொண்ட முதல் தொழில் அதுதான், மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பது. ஆனால் அன்று சைக்கிளின் பின்கரியரில் அம்பிளிபயரைக் கட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பும்போது அவனுக்கு முகம் எரிந்தது. அந்தப் பெட்டி அவன் கையால் கட்டியது. பழைய ட்ரக்டர் மட்காட் தகரத்தை வளைத்து அடித்தளம் செய்து, செத்துப்போன றேடியோக்களிலிருந்து வால்வுகளைக் கழற்றி, செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரல் வெடித்து, ஒரு மாரி முழுக்க இருந்து செய்தது. அதை ஒருவர் ஏசுகிறது என்று சொன்னால், அதுவும் வவுனியாவிலிருந்து வேறு ஆளைப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தோடு சொன்னால், சும்மா இருக்க முடியுமா?

அப்புத்துரை அவனை ராஜன் என்று கூப்பிட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. கடைப் பலகையில் ‘ராஜன் றேடியோ’ என்றுதான் இருக்கும். அந்த ராஜன், அவனுக்கு வேலை கொடுத்த ராஜரத்தினம் முதலாளி. அவர் கடையை இவன் பொறுப்பில் விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனார். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. புதிதாக வந்தவர்கள் பலகையைப் பார்த்து இவனை ராஜன் என்றார்கள். இவன் திருத்தவில்லை. பிறகு எல்லோருக்குமே அவன் ராஜனாகிவிட்டான். ஊர் எது என்று கேட்டால் “புளியங்குளம் பக்கம்” என்பான். தெற்கே, மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்றோ, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தபோது அக்காவோடு உடுத்த துணியுடன் வந்து சேர்ந்தவன் என்றோ அவன் சொன்னதில்லை. யாரும் கிண்டிக் கேட்டதுமில்லை. தோட்டக்காட்டான் என்ற சொல் சந்தியில் எவ்வளவு இளப்பமாக வரும் என்று அவனுக்குத் தெரியும். தோட்டத்துப் பேச்சில் ‘வர்றேன்’ என்று வாய்வரை வருவதை நிறுத்தி ‘வாறன்’ என்று வெளியே விடுவான். ‘ஆமா’ வந்தால் விழுங்கிவிட்டு ‘ஓம்’ என்பான். ஒவ்வொரு சொல்லையும் இப்படிச் சோதித்து விடுவதால் அவன் மெல்லப் பேசுகிறவன், அடக்கமான பிள்ளை என்று ஊரில் ஒரு நல்ல பெயரும் கிடைத்திருந்தது.

அக்கா வீரம்மா தர்மபுரத்தில் இருந்தாள். காடு வெட்டிக் குடியேறிய சனங்களோடு ஒரு கொட்டில். ஊர் ஊராகப் போய் வயல் வேலை செய்தாள். ஆரம்பத்தில் ஒருமுறை கடைக்கு வந்தபோது, “நீ எதுக்குக்கா அலையுற, நானே வர்றேன்” என்று சொல்லி அனுப்பினான். “ஆமா, ஒனக்கு வேல இருக்கும்ல” என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவள் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவன் போவான். பரந்தன் சந்தியில் பஸ் மாறும்போது பேச்சையும் மாற்றிக்கொள்வான். அவள் ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொண்டே அவனுடைய கடையைப் பற்றி அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சத்தமாக விசாரிப்பாள். அந்தச் சத்தத்தில் இருக்கும் பெருமை அவனைத் தரையைப் பார்க்க வைக்கும்.

அப்புத்துரையின் மகள் பெரியபிள்ளையானதற்கு எடுக்கிற அந்தச் சாமத்திய வீட்டுக்கு முந்தின கிழமை, ஒரு மத்தியானம், கடையைப் பாதி சாத்திவிட்டு அம்பிளிபயரைக் கவிழ்த்துப் போட்டான். ஏசுகிறது என்றால் எங்கே ஏசுகிறது என்று பார்த்துவிடுவோமே. அவனுக்குச் சந்தேகம் பீட்பேக்கில்தான். ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தில் ஒரு பங்கை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து முதல் வால்வுக்குக் கொடுப்பார்கள். உள்ளே வந்தது என்ன, வெளியே போனது என்ன என்று ஒப்பிட்டுப் பெட்டி தன் பிழையைத் தானே வெட்டிக்கொள்ளும். அளவோடு கொடுத்தால் நல்லது. கூடக் கொடுத்தால் சத்தம் சுத்தமாக வரும், ஆனால் காய்ந்துபோய் வரும். பாடுகிறவளுக்கு நெஞ்சே இல்லாத மாதிரி, தொண்டை மட்டும் பாடும். பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் ஆண்டியப்பன் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்திருந்தான்.

கரி அடுப்பில் ஈயம் ஒட்டுகிற கோலைக் காய்ச்சி எடுத்தான். பழைய ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, திரும்பி வருகிற பங்கு குறையும்படி கொஞ்சம் பெரிய ஒன்றை வைத்தான். அப்போதுதான் கோல் விரலில் பட்டு ஒரு கொப்புளம் எழும்பியது. கையை உதறிவிட்டு, ஜெனரேற்றரை இழுத்து இயக்கி, ஒரு பாட்டைப் போட்டான். ஒரு பெண் பாடுகிற பாட்டு. கடையில் தேயத் தேயப் போட்ட இசைத்தட்டுத்தான். ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவே அவள் மூச்சு எடுக்கிறாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசை பிடித்துக்கொண்டது. இன்னும் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டான். குரல் சேறாகக் குழைந்து, அடியில் ஊம் என்ற இரைச்சல் எழும்பியது. ஒரு படி குறைத்தான். அதுதான் இடம். பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஏசவில்லை. பக்கத்தில் வந்து இருந்து சொல்கிற மாதிரி இருந்தது. தன்னுடைய கை செய்த ஒன்று இவ்வளவு அன்பாக இருக்க முடியும் என்று அவன் நினைத்ததில்லை.

பீட்பேக்கைக் குறைத்தால் பெட்டியின் பலம் கூடும், சின்னச் சத்தமும் பெரிதாக வரும். அது அவன் படித்ததுதான். ஆகவே இசைத்தட்டின் சத்தத் திருகியை முன்னையிலும் கீழே வைத்து, அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் புதுப் பொட்டு ஒன்று வைத்தான். மைக் திருகியில் பழைய பொட்டு அப்படியே இருந்தது. மைக்கை அன்று அவன் எடுக்கவே இல்லை. தனியாக இருந்து தன் குரலைக் கேட்பது அவனுக்குப் பிடிக்காத வேலை.

அந்த மைக்குக்குச் சுவிட்ச் கிடையாது. திருகியும் உள்ளே தேய்ந்துவிட்டது, தொட்டால் கரகரவென்று ஊருக்கே கேட்கும். அதனால் அறிவித்து முடித்ததும் மைக்கை மடித்த துவாயின்மேல், அந்தத் துண்டில் வாய் புதையும்படி குப்புறக் கவிழ்த்துவிடுவான். இத்தனை காலமும் அது போதுமாக இருந்தது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் கத்தினால்தான் அதற்குக் காது கேட்கும்.

சாமத்திய வீட்டன்று விடியவே போய்விட்டான். பெட்டியையும் மைக்கையும் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்களைப் பந்தலுக்குள் வைத்தான். ஒரு குழாய் ஸ்பீக்கரை றோட்டோரப் பாலை மரத்தில் ஏற்றினான். இன்னொரு குழாயைச் சமையல் கொட்டில் பக்கமாகத் திருப்பிக் கட்டச் சொன்னார் அப்புத்துரை. “அங்க வேலை செய்யிறதுகளும் பாட்டைக் கேக்கட்டும், கை கெதியா ஓடும்” என்றார். வயரை இழுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் போனான். பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். வீரம்மா.

அப்புத்துரையின் வயலில் நெல் அரிவு வெட்டுக்கு வந்த கூட்டம் அது. வயல் வாடியில் தங்கியிருந்தவர்களை இன்றைக்குச் சமையலுக்கு இறக்கியிருந்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வந்ததை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு பூசணிக்காயைப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.  அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பாடா என்று நினைத்ததற்கு உடனே தன்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு வயரைக் கட்டிவிட்டு விரைவாக முன்பக்கம் வந்துவிட்டான்.

முதல் பாட்டு போனதுமே ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புத்துரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னறை வாசலுக்கே வந்தார்.

“இப்பதான்ரா பாடுது! என்னடா செய்தனி?”

“சின்னத் திருத்தம் ஒண்டு அண்ணை.”

“நல்லாயிரு.”

தாய்மாமன் வந்தபோது அறிவித்தான். ஆராத்திக்கு நேரமாயிற்று என்று அறிவித்தான். மைக்கை வாயருகே கொண்டுபோனதும் அவன் குரல் பந்தலை நிறைத்தது. கத்தத் தேவையில்லை, கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகப் பேசினாலே போதும். திருகியைக் குறைக்கலாம்தான். அது கரகரக்கும், ஆராத்தி நேரத்தில் அபசகுனம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டான். உண்மையில் அவனுக்குக் குறைக்க மனமில்லை. கத்தாமல் பேசுவது அவ்வளவு சுகமாக இருந்தது. பேசி முடித்து, மைக்கைத் துவாயின்மேல் கவிழ்த்துவிட்டு, அடுத்த தட்டை வைத்தான்.

அறையில் அவனுக்குத் துணையாக வீரகத்தி இருந்தார். அப்புத்துரைக்கு ஒன்றுவிட்ட தமையன். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்ந்தவர். கூட்டம் ஒத்துவராது என்று வந்து அறையின் மறுமூலையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆட்களின் பூர்வீகம் விசாரிப்பது மட்டும் அவருக்குப் பொழுதுபோக்கு. புளியங்குளத்தில் எந்தப் பக்கம், குளத்துக்கு மேலையா கீழையா, தகப்பன் என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆண்டியப்பன் ஒவ்வொன்றுக்கும் பாட்டு மாற்றுகிற சாக்கில் பாதிப் பதில் சொன்னான். 

அப்போது வீரம்மா தட்டத்தில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அனுப்பியது யார், இல்லை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளா, தெரியாது. வீரகத்திக்குப் பால்தேத்தண்ணி. அவனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி. அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று மாங்குளத்தில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக் கிளாசை அவன் பக்கம் வைத்தவள், அவன் விரலைக் கண்டுவிட்டாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. யோசிக்காமல் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“கை என்னா இப்டி வெந்து கெடக்கு?”

கேட்டபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. கையை விட்டுவிட்டு, தட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்விட்டாள். வீரகத்தி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. ஆண்டியப்பன் ஊசியைத் தூக்கினான்.

“ஆரது? உன்ர கையைப் பிடிச்சுப் பாக்கிறாள். தெரிஞ்ச ஆளோ? உங்கட ஆக்களோ?”

ஆண்டியப்பன் ஒரு கையில் முடிந்த தட்டும் மறுகையில் புதுத் தட்டுமாக, கவிழ்ந்து கிடந்த மைக்குக்கு மேலேயே நின்றான். இவ்வளவு காலமும் சோதித்துச் சோதித்துச் சொல் விட்டவன், இந்தப் பதிலை மட்டும் சோதிக்கவே இல்லை. அது தயாராக இருந்த மாதிரி வந்தது.

“எனக்கென்ன தெரியும் ஐயா. உதுகள் தோட்டக்காட்டுச் சனம். ஒருக்காச் சிரிச்சுப்போட்டால் காணும், கையைப் பிடிச்சுக்கொண்டு உறவு கொண்டாட வந்திடுங்கள்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே யாரோ பேசுவது கேட்டது. நல்ல குரல். நிதானமான, நெஞ்சிலிருந்து வருகிற, கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்ற ஓர் ஆண் குரல். எவ்வளவு வடிவாக வருகிறது என்றுதான் அவன் முதலில் நினைத்தான். பந்தலிலிருந்தும் பாலை மரத்திலிருந்தும் கொட்டில் பக்கத்துக் குழாயிலிருந்தும் அது வந்தது. ‘வந்திடுங்கள்’ என்ற கடைசிச் சொல் றோட்டுக்கு அந்தப் பக்கச் சுவரில் பட்டு இன்னொரு தரம் வந்தது. அப்போதுதான் அது தன் குரல் என்று அவனுக்கு விளங்கியது.

விறாந்தையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பந்தல் முழுக்கச் சிரிப்பு. அப்புத்துரை ஜன்னல் பக்கம் தலையை நீட்டினார்.

“டேய் ராஜன், மைக் போட்டபடி கிடக்கடா! சொன்னது சரிதான், எண்டாலும் அதுகள் சோறு இறக்கும்வரையாவது பொறுத்திருக்கலாம்!”

மறுபடியும் சிரித்தார்கள். அவனைக் குற்றவாளியாகப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. அது வேறு ஒரு விதமாகச் சுட்டது. யாராவது வந்து சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்களில் ஒருவன் தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறான், சத்தமாகச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான் அவர்களுக்கு. மாங்குளத்தில் அவன் பட்ட பாடெல்லாம் இப்படி ஒரு நாளுக்காகத்தான், அது இன்றைக்குக் கிடைத்தும் விட்டது.

சமையல் கொட்டிலில் கத்திச் சத்தம் நின்றிருந்தது. கிடாரத்தில் அகப்பை முட்டுகிற சத்தமும் இல்லை. அவன் மைக் திருகியை ஒரே திருப்பாகத் திருப்பினான். கரகரவென்று ஊரெல்லாம் கேட்டது. ஏதோ ஒரு தட்டை எடுத்து வைத்தான், வேகம் பிழைத்துப் பாடகர் ஆமை மாதிரி இழுத்தார், அதற்கும் சிரித்தார்கள். சரி செய்தான். கொஞ்ச நேரத்தில் கொட்டிலில் மறுபடியும் கத்திகள் ஓடத் தொடங்கின. முன்னைப்போலப் பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

எழுந்து போகலாம். கொட்டில் இருபது எட்டுத் தூரம்கூட இல்லை. போய் என்ன சொல்வது? அக்கா என்று கூப்பிட்டால் வீரகத்திக்கு விளங்கும், அப்புத்துரைக்கு விளங்கும், நாளைக்குச் சந்தி முழுக்க விளங்கும். கூப்பிடாமல் வேறு எதைச் சொன்னாலும் அது அவளுக்குத் தேவையில்லை. ஆண்டியப்பன் இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டு பாட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.  தன்னைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

கிளாஸ் எடுக்க அவளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வீரகத்தியின் கிளாசை எடுத்துத் தட்டத்தில் வைத்துவிட்டு இவன் பக்கம் திரும்பினாள்.

“குடிக்கலீங்களா ஐயா? ஆறிப்போச்சு. வேற போட்டாரவாங்களா?”

கேலி இல்லை, கோபமும் இல்லை. எந்த வீட்டு விறாந்தையிலும் எந்த ஐயாவிடமும் கேட்கிற குரல். அவனைத் தூக்கி வளர்த்தவள். ஆண்டி என்பாள், ஏசும்போது எருமை என்பாள். ஐயா என்று இப்போதுதான் சொல்கிறாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் எந்தப் பேச்சில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீரகத்திக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கவேண்டும். “தம்பி தெரியாமல் கதைச்சிட்டான் பிள்ளை. மனசில வைச்சிருக்காதை” என்றார்.

“இதுல என்னாங்க இருக்கு. எல்லாரும் சொல்றதுதானுங்களே” என்றாள் வீரம்மா. ஆறிய தேத்தண்ணியை ஜன்னலால் சாய்த்து ஊற்றிவிட்டுக் கிளாசைக் கொண்டுபோனாள்.

பந்தி முடிந்தது. படம் எடுத்தார்கள். அப்புத்துரை வந்து அவன் தோளில் தட்டி, மூத்தவனின் கலியாணத்துக்கும் நீதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வந்தவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். வெயில் சரிந்தபோது வயலுக்குத் திரும்புகிறவர்களை ஏற்ற ட்ரக்டர் வந்து ஜன்னலுக்கு நேரே நின்றது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ட்ரெய்லரில் ஏறினார்கள். கழுவிய கிடாரங்களை மேலே தூக்கிக் கொடுத்தார்கள். வீரம்மா ஒரு மூலையில் இருந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயன்ற மாதிரியும் தெரியவில்லை.

ட்ரக்டர் உறுமத் தொடங்கியதும் ஆண்டியப்பன் எழுந்தான். பாட்டை நிறுத்தினான். மைக்கை எடுத்தான். திருகியைத் திருப்ப, கரகரப்பு றோட்டெல்லாம் போயிற்று. வாயருகே கொண்டுவந்தான். ஒரு சொல்தான். ஊர் கேட்டதை ஊர் கேட்கவே திருத்தினால் போதும். மூச்சை இழுத்தான். அந்த மூச்சு பாலை மரத்திலிருந்து வந்தது, யாரோ ஒரு பெரிய மிருகம் பக்கத்தில் படுத்திருந்து மூச்சு விடுகிற மாதிரி. ட்ரெய்லரில் இருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். விறாந்தையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கண்ணயர்ந்திருந்த வீரகத்தி விழித்துக்கொண்டார்.

“என்னடா தம்பி, இன்னும் என்ன அறிவிப்பு?”

எல்லோரும் காத்திருந்தார்கள். மைக் அவன் உதட்டில் முட்டியது.

“ஹலோ” என்றான் ஆண்டியப்பன். “ஹலோ… மைக் டெஸ்டிங். ஒண்டு, ரண்டு, மூண்டு.”

விறாந்தையில் பேச்சு மறுபடி தொடங்கியது. வீரகத்தி கண்ணை மூடிக்கொண்டார். ட்ரக்டர் நகர்ந்தது. வெற்றுக் கிடாரம் ஒன்று உருள, வீரம்மா அதை இரண்டு கைகளாலும் இழுத்து மடியோடு அணைத்துப் பிடித்தாள். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நாலு என்றான், அஞ்சு என்றான், அந்த இதமான குரல் ட்ரக்டரின் பின்னாலேயே சந்திவரை போய்க்கொண்டிருந்தது, வண்டி திரும்பி மறைந்த பிறகும் அவன் எண்ணிக்கொண்டே இருந்தான்.